கல் படாத சேலை

செல்லி சேலையைப் பக்கெட்டுக்குள் அமுக்கி எடுத்தாள். அடிக்கவில்லை, கசக்கவில்லை, முறுக்கவில்லை. பூந்திக்கொட்டை ஊறிய நுரைக்குள் முழங்கை வரை விட்டு, துணியை மெல்ல அலசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, புழக்கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் ராணியம்மாள் டீச்சர். மடியில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள். கண் மட்டும் செல்லியின் கைமேல்.

"அழுத்தாத. கைக்குழந்தைய குளிப்பாட்டற மாதிரி பண்ணுன்னு சொன்னேன்ல?"

"அப்டித்தான் டீச்சர் பண்றேன்."

இந்தக் காவல் புதிதாக வந்தது. முன்பெல்லாம் செல்லி துணிமூட்டையை ஓடைக்குக் கொண்டுபோய்த் துவைத்து வருவாள். போன மாதம் ஊதாப்பூப் போட்ட சேலை ஒன்று துவைத்து வந்தபோது கீழ்க்கரையோரம் மிளகு மிளகாக ஓட்டை விழுந்திருந்தது. பாறையில் ஓங்கி அடித்திருக்கிறாள் என்று டீச்சர் முடிவு கட்டிவிட்டாள். அடித்தால் துணி கிழியும், ஓட்டையா விழும் என்று கேட்கச் செல்லிக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு வரப்போகிறது. ஆயா வேலைக்கு ஒரு பொம்பளை வேண்டும். யாரைப் போடலாம் என்று அதிகாரிகள் டீச்சரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா?

இந்த மலைக்கிராமத்தில் ஒருத்தர் துணியை இன்னொருத்தர் துவைக்கிற வழக்கமே கிடையாது. டீச்சர் வீட்டில் இவள் துவைக்கப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தலில்கூட முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதையும் பொறுத்துக்கொண்டாள். புருஷன் குப்பன் பலா மரத்திலிருந்து விழுந்து, இடுப்பு பிசகி, வீட்டோடு கிடக்கிறான். சாமை விளைந்தால் சோறு, விளையாவிட்டால் இல்லை. மாசம் பிறந்தால் கைக்கு வருகிற சம்பளம் என்று ஒன்று வேண்டும். அதற்காக ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும்.

சேலையை நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல் நீர் வடியவிட்டு, நிழலில் கட்டிய கொடியில் விரித்தாள். டீச்சர் எழுந்து வந்து முந்தானையிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழ்க்கரைக்கு வந்ததும் கை நின்றது. அந்த இடத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். ஈரத்துணியில் அங்கங்கே வானம் தெரிந்தது.

"என்னடி இது?"

செல்லி எட்டிப் பார்த்தாள். "டீச்சர், உங்க கண்ணு எதுருலதான..."

"உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தேனே, அப்பப் பண்ணியா? நகத்தால கிள்ளினியா?"

"நான் எதுக்குங்க கிள்ளப்போறேன்? எனக்கு அதுல இன்னா கெடைக்கும்?"

"வயித்தெரிச்சல்தான். வேற என்ன? நாளைலேர்ந்து நீ வர வேணாம். உன்ன நம்பிப் பள்ளிக்கூடத்து அரிசிய எப்படி விடறது?"

வீட்டுக்கு நடந்தபோது செல்லிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது. பக்கெட்டில் போடுவதற்கு முன்பு சேலையைப் பிரித்துப் பார்த்திருந்தாள். ஒரு பொத்தல் கிடையாது. பிறகு ஒரு குடம் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். அந்த நேரத்தில் துணிக்குப் பக்கத்தில் இருந்தது டீச்சர் ஒருத்திதான். அதே ஆயா வேலைக்கு ஆசைப்படுகிற அம்மாக்கண்ணு வேறு ஒரு மாதமாகப் பலாச்சுளையும் தேனுமாக அந்த வீட்டுக்கு நடையாய் நடக்கிறாள்.

"அந்தம்மாவே ஊசியால குத்திட்டு எந்தலைல கட்டுது" என்றாள் குப்பனிடம். "அம்மாக்கண்ணுக்கு வேல குடுக்கணும். நேரா சொன்னா நான் கேள்வி கேப்பேன்ல? அதான்."

"சொந்தச் சேலைய யாருனா குத்திக்குவாங்களா?" என்றான் குப்பன், படுத்தபடியே.

"அப்ப நான்தான் குத்துனேன்னு சொல்றியா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இவனுமா என்று நினைத்துக்கொண்டு செல்லி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புளிக்கூடையை ஏற்றிவிட ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனாள். டீச்சரும் வாராவாரம் இந்த வண்டியில்தான் திருப்பத்தூருக்கு இறங்குவாள். இந்தத் தடவை ஆயா வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிறாள் என்று ஊரே பேசிக்கொண்டது. டிரைவர் சிங்காரம், கீழே சார்ஜ் ஏற்றக் கொண்டுபோகிற மைக்செட் பேட்டரியை முன்சீட்டின் கால்மாட்டில் வைத்துக்கொண்டிருந்தான். அடியில் போட்டிருந்த கோணிச்சாக்கு கறுத்து, தொட்டாலே உதிர்ந்தது. செல்லியின் கண் அவன் காக்கிப் பேண்ட்டுக்குப் போனது. முட்டிக்குமேல் மிளகு மிளகாக ஓட்டை.

"ண்ணா, பேண்ட்டுல இன்னா ஓட்ட?"

"ஆசிட்டும்மா. வளைவுல வண்டி சாஞ்சா பேட்டரி கக்கும். பட்டப்போ ஒண்ணும் தெரியாது. தண்ணில போட்டு அலசினாத்தான் பொத்துக்கினு போவும். துவைக்கத் தெரியலன்னு எம் பொண்டாட்டிய எத்தினி வாட்டி திட்டியிருக்கேன், பாவம்!" அவன் சிரித்தான்.

செல்லி முன்சீட்டைக் காட்டினாள். "டீச்சர் இந்த சீட்லதான குந்துறாங்க?"

சிங்காரத்தின் சிரிப்பு நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தான். "எதுக்குக் கேக்குற?"

"அவங்க சேலைல ஓட்ட வுழுதுண்ணா. என்ன வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க."

"தோ பாரு, அந்தம்மா காதுல இத போட்டு வைக்காத. அத்தினி சேலைக்கும் எங்கிட்ட பதில் கேக்கும். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

"எனக்கு இல்லியா?"

அதற்குள் டீச்சர் வந்துவிட்டாள். கஞ்சி போட்ட பச்சைச் சேலை. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கண்ணு. இருவரும் பேச்சை நிறுத்தியதைப் பார்த்து டீச்சரின் முகம் சுருங்கியது.

"என்ன குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்ல டீச்சர், புளிக்கூட ஏத்துறத பத்தி" என்றான் சிங்காரம்.

டீச்சர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செல்லி வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், ஓட்ட எப்டி வுழுதுன்னு இப்பத்தான் தெரிஞ்சிது. அந்த பேட்டரிதாங்க. அதுல இருக்குற ஆசிட்டு தெறிக்குது. துவைக்கிற வரைக்கும் தெரியாதுங்க."

டீச்சர் டிரைவரைப் பார்த்தாள். "ஏம்ப்பா, நெஜமா?"

சிங்காரம் ரோட்டைப் பார்த்தபடி சாவியைத் திருகினான். "மூடி இறுக்கமாத்தான் இருக்குது டீச்சர். இத்தினி நாளா வர்றீங்க, உங்க கால்ல ஒரு சொட்டு பட்டுருக்குமா?"

"இல்லையே."

"அவ்ளோதான்."

"உன் கையால ஆனதுக்கு டிரைவர் மேல பழி போடறியா?" என்றாள் டீச்சர்.

"வேல வேணான்னா வேணாங்க. சேலைய மட்டும் தூக்கிக்குங்க." செல்லி குனிந்து, தொங்கிய கீழ்க்கரையைத் தூக்கிவிடக் கை நீட்டினாள்.

"தொடாத!"

டீச்சர் வெடுக்கென்று கொசுவத்தைச் சுருட்டி, செல்லியின் கை எட்டாத பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். பச்சைக் கரை பேட்டரி மூடியின் ஈரத்தில் போய்ப் படிந்தது. சிங்காரம் அதைப் பார்த்தான். கியரைப் போட்டான்.

"திங்கக்கிழமை காலைல வந்துடு அம்மாக்கண்ணு. இந்தச் சேலைதான் மொதல்ல. பக்கெட்லதான் துவைக்கணும், என் கண்ணு முன்னால."

"சரிங்க டீச்சர்" என்றாள் அம்மாக்கண்ணு, வாயெல்லாம் சிரிப்பாக.

ஜீப் முதல் வளைவில் ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கியது.