பீங்கான் முட்டை

எங்கள் கொல்லைப்புறம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சரிபாதி என்று சொன்னால் தெருவே சிரிக்கும். முக்கால்வாசி இடம் அவருடைய குதிரைக்கு. மிச்சமிருந்த மூலையில், முருங்கை மரத்தடியில், என் கோழிக்கூடு. அந்த மூலையும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அவர் பெயர் காத்தவராயன். விருத்தாசலம் ஜங்ஷனில் ஜட்கா ஓட்டியவர். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்கள் வரிசை கட்டத் தொடங்கியதும் வண்டியை விற்றுவிட்டுக் குதிரையை மட்டும் வைத்துக்கொண்டார். நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். சவுதியிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வருகிற மங்கலம்பேட்டைப் பையன்களுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் வெள்ளைக் குதிரை வேண்டும். எங்களுடையது வெள்ளை. பெயர் கலெக்டர். தொண்ணூற்றொன்றில் அந்த வட்டாரத்தில் அதைவிட மவுசான ஆள் யாரும் கிடையாது.

பெயருக்கேற்ற மாதிரிதான் அது நடந்துகொள்ளும். கொள்ளு பதமாக வெந்திருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு தூசி மிதந்தாலும் வாளியைத் தட்டிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு சுக்குக் காப்பி போட்டுத் தராத மனுஷன், அதற்கு இருமல் வந்தபோது வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் பொறாமைக்காரி என்பார். ஆமாம், பொறாமைதான். இருக்காதா?

என் கோழிகளுக்கு எந்த உபசாரமும் கிடையாது. கலெக்டர் சிந்திய கொள்ளைப் பொறுக்கும், அதன் லத்தியைக் கிளறிப் புழு தின்னும், தானாக வளரும். முட்டையிட ஒரு பீங்கான் பேசின். சூளையில் கீறல் விட்டதென்று பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்டதை, அங்கே வேலை செய்கிற என் தம்பி உலகநாதன் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அதில் வைக்கோலைப் பரப்பி வைத்தேன். இட்ட முட்டையைப் பேசினிலேயே விட்டுவைத்தால்தான் கோழி வேறு இடம் தேடாது, நாலு சேர்ந்ததும் அடையில் உட்காரும். அப்படித்தான் நான் குஞ்சு பெருக்கினேன்.

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து பேசினில் முட்டை தங்கவில்லை. கொண்டைக்காரி என்று ஒரு பெட்டை, இட்டுவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கேறுவாள். சாயங்காலம் பார்த்தால் முட்டை இருக்கும், விடிந்து பார்த்தால் வைக்கோல்தான் இருக்கும். பாம்பு என்றால் ஓடு கிடக்காது, சரி. ஆனால் பாம்பு வந்தால் கோழிகள் சும்மாவா இருக்கும்? ஒரு சத்தமும் இல்லை. பழகின கைதான் எடுக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அடுத்த வீட்டு அம்புஜவல்லியின் கை என்று நானே முடிவு கட்டினேன். வேலியில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை இருந்தது. அவள் வீட்டில் நாள் தவறாமல் ஆம்லெட் வாசனை வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் வேறு கதை பேசினார்.

"கோழிங்கோ இட்டாதானே யாராச்சும் திருட? எல்லாம் கெழடாயிப் போச்சி. இந்தக் கல்யாண சீசன் முடியட்டும், கூட்டப் பிரிச்சிட்டு அந்த மூலையில இன்னொரு குதிரை கட்டப் போறேன். கருவேப்பிலங்குறிச்சியில ஒண்ணு பேசி வெச்சிருக்குது."

அந்த வீடு அவர் அப்பா கட்டியது, குதிரை அவருடையது, கால் ஆடுகிற பெஞ்சிகூட அவர் அக்கா கொடுத்தது. எனக்கென்று இருந்தது அந்தக் கூடு ஒன்றுதான். அதைப் பிரிக்க விடுவேனா?

அந்த வாரமே மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அம்மா குதிரை பேச வந்தார்கள். கலெக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் கோழிகளைப் பார்த்தார்கள். "நாட்டுக்கோழி முட்டை இருந்தா கல்யாணத்தன்னைக்குக் கொண்டாம்மா, பொண்ணு மாப்பிள்ளைக்குக் குடுக்கணும்" என்று என்னிடம் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டுக் கோழி முட்டையே வெக்காதும்மா. வெறும் தீனிப் பண்டாரம்."

அன்றைக்கே நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அந்தப் பீங்கான் கம்பெனியில் பொம்மை அச்சுகளில் மண்பால் என்கிற களிமண் கரைசலை ஊற்றுகிறவன்.

"உலகநாதா, எனக்கு ரெண்டு பீங்கான் முட்டை செஞ்சி குடுடா. அந்த அம்புஜவல்லி எடுத்துட்டுப் போயி தோசைக்கல்லு விளிம்புல தட்டணும். தட்டித் தட்டிக் கையி வலிக்கணும்."

"அக்கா, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்றான். ஆனால் அவனுக்கும் கண் மின்னியது. எங்கள் குடும்பமே அப்படித்தான்.

என் கோழி முட்டையையே வைத்து அச்செடுத்தான். சூளையிலிருந்து வந்ததைப் பார்த்தால் புறா முட்டை. வேகும்போது மண் சுருங்கும் என்பதை, தினமும் அதே வேலை செய்கிறவன், அவசரத்தில் மறந்துவிட்டான். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவனுக்கு ரோஷம் வந்து, வாத்து முட்டையை வாங்கி அச்செடுத்தான். இந்தத் தடவை அளவு கச்சிதம். மினுமினுப்புப் பூச்சு வேண்டாமென்று தடுத்துவிட்டேன், எந்தக் கோழி மினுக்குகிற முட்டை இடுகிறது? டீத்தண்ணியில் ஊறவைத்து நிறம் ஏற்றினோம். உள்ளே கூடாக இருந்ததால் மணலை நிரப்பி ஓட்டையை அடைத்தோம். தெரியாமல் கையில் வாங்கியிருந்தால் நானே ஏமாந்திருப்பேன்.

கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கோழி இட்ட முட்டையை உடனுக்குடன் எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பீங்கான் முட்டைகள் இரண்டையும் பேசினில் வைத்தேன். விடியற்காலை அவர் கலெக்டரைக் குளிப்பாட்டி, ஜிகினா சேணத்தைக் கட்டிக்கொண்டு மங்கலம்பேட்டைக்குக் கிளம்பிப் போனார். நான் எழுந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். பேசின் காலி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வேலியோரம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அம்புஜவல்லி அடுப்பு பற்றவைத்தாள், வெங்காயம் நறுக்கினாள், எண்ணெய் சீறியது. இதோ, இப்போது கத்தப் போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் எட்டிப் பார்த்து, "என்னா அனுசியா, துணி காயப் போட்டாப்ல வேலியிலயே தொங்குற? உப்புமா இருக்குது, ஒரு வாய் சாப்புடறியா?" என்றாள். திருடிவிட்டு உபசாரம் வேறா என்று பொருமிக்கொண்டே அரிசிப் பானை முட்டைகளை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கக் கூடையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலம் தெரு முனையில் நின்றுகொண்டிருந்தது. பேண்டு செட்டு முழங்குகிறது. முகத்தை மறைத்துப் பூச்சரம் தொங்க மாப்பிள்ளை குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கலெக்டர் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. கழுத்தை வளைத்து என் வீட்டுக்காரரின் இடுப்பையே முகர்ந்துகொண்டிருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, வேட்டி மடிப்பிலிருந்து எதையோ எடுத்தார். எடுத்துக் கரண்ட் கம்பத்தில் தட்டினார்.

டொக்.

மறுபடியும் தட்டினார். டொக், டொக். மேளக்காரப் பையன் அதற்கு ஏற்றபடி ஒரு அடி போட்டான். என் வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அடுத்த முட்டையை எடுத்தார், அதுவும் டொக். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார். பீங்கான் தெறித்தது, உள்ளங்கையில் பொலபொலவென்று மணல் கொட்டியது. கலெக்டர் ஆவலோடு மூக்கை வைத்து முகர்ந்து, அவர் முகத்திலேயே ஒரு தும்மல் போட்டது.

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குத் தலையிலிருந்து கால் வரை எரிந்தது. என் கோழிகளின் முட்டையைக் குதிரைக்கு ஊற்றிவிட்டு, கோழிகள் இடுவதே இல்லையென்று கூட்டைப் பிரிக்கப் பார்த்த ஆளை நான் வேலிக்கு அந்தப் பக்கம் தேடியிருக்கிறேன். உப்புமா சாப்பிடக் கூப்பிட்ட அம்புஜவல்லியின் முகம் நினைவுக்கு வந்து வெட்கமாகவும் இருந்தது.

கூடையோடு நேரே அவர் முன்னால் போய் நின்றேன். அவர் மணல் ஒட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ரெண்டு பச்சை முட்டை குடுத்தா மேனி பளபளன்னு இருக்கும்னு சொன்னாங்க. குடுத்துப் பழக்கிட்டேன். இப்ப அது இல்லாம நடக்க மாட்டேங்குது" என்றார் மெதுவாக. பிறகு கூடையைப் பார்த்தார். "அனுசியா, ரெண்டே ரெண்டு."

"கெழட்டுக் கோழி முட்டைங்க. உங்க கலெக்டருக்கு ஒத்துக்குமா?"

"மானத்த வாங்காத."

"கூடு இருக்குமா, இருக்காதா?"

"அத வூட்டுல போயி பேசிக்கலாம்."

"வூட்டுல பேசிக்கலாம்னா முட்டையையும் வூட்டுலயே குடுக்கறேன்."

குதிரை மேலிருந்து பூச்சரத்தை விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை குனிந்தார். "அண்ணே, இருக்கும்னு சொல்லிடுங்கண்ணே. நிக்காஹுக்கு நேரமாவுது."

"இருக்கும்" என்றார் இவர்.

"கேக்கல."

"கூடு இருக்கும்! கருவேப்பிலங்குறிச்சி குதிரை வேணாம்! போதுமாடி?"

போதும். இரண்டு முட்டையை நானே உடைத்துக் கலெக்டரின் வாயில் ஊற்றினேன். அது நாக்கைச் சுழற்றிவிட்டு என்னை ஒரு தடவை மரியாதையாகப் பார்த்தது. பிறகு பேண்டு செட்டையே முந்திக்கொண்டு நடந்தது. மாப்பிள்ளையின் அம்மாவிடம் கூடையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வெறுங்கூடையோடு போகக் கூடாதென்று அவர்கள் ஒரு முட்டையை அதிலேயே விட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் குதிரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். ரோட்டோர டீக்கடை ஒன்றில் அவர் நின்றார்.

"முட்டை காணாம போச்சின்னா என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"நீங்க முட்டை வேணும்னு என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "குதிரைக்குன்னா குடுத்திருக்க மாட்டேன்."

"எனக்குன்னா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கோழிகள் இட்டதில் ஒன்றைக்கூட அவருக்கு அவித்துக் கொடுத்ததில்லை. நானும் தின்று பார்த்ததில்லை. அடைக்கு, அடைக்கு என்றே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கூடையிலிருந்த முட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்து, வெங்காயம் தூக்கலாகப் போட்டு ஓர் ஆம்லெட் போடச் சொன்னேன். வந்ததும் வாழையிலையிலேயே இரண்டாகப் பிய்த்தேன். பாதி அவருக்கு, பாதி எனக்கு. கலெக்டர் எங்கள் இரண்டு பேர் தோளுக்கும் நடுவில் கழுத்தை நீட்டிக் கனைத்தது. நாங்கள் திரும்பியே பார்க்கவில்லை.