வெறும் தாளில் பன்னிரண்டு கையெழுத்து

"படிங்க சார். எதுக்குக் கையெழுத்துப் போட்டோம்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

குப்பாயி இப்படிக் கேட்டதும் தலைமையாசிரியர் ஜாபெஸின் கை தீர்மான நோட்டின் மேல் அப்படியே நின்றது. பக்கத்து நாற்காலியில் சலீமா இருந்தாள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அவள்தான்.

சுனைக்காடு பள்ளியில் இது பழகிப்போன ஏற்பாடு. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில், எஸ்டேட்டுக்குப் போகிறவர்களை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டத்தில் உட்கார வைக்க முடியாது. அதனால் ஜாபெஸ் காலையிலேயே நோட்டைத் தூக்கிக்கொண்டு, பள்ளி வாசலை ஒட்டியிருக்கும் சலீமாவின் டீக்கடைக்கு வந்துவிடுவார். வெறும் தாளில் முதல் கையெழுத்து தலைவியுடையது. அதைப் பார்த்து, பஸ்ஸுக்கு நிற்கும் உறுப்பினர்கள் வரிசையாகப் போடுவார்கள். தீர்மானத்தை ஜாபெஸ் பிறகு மேலே எழுதிக்கொள்வார். குடிநீர்த் தொட்டி வந்தது அப்படித்தான். சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்ததும் அப்படித்தான்.

இந்த முறையும் போன வெள்ளிக்கிழமையே கையெழுத்து வாங்கியாயிற்று. ஆனால் இன்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் சசிரேகா நேரில் வந்துவிட்டாள். மழையால் எஸ்டேட்டிலும் வேலை இல்லை. பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜாபெஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "புதிதாக ஒதுக்கப்பட்ட இரண்டு வகுப்பறைகளையும் பள்ளியின் கீழ் மைதானத்தில் கட்டலாம் என்று குழு ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

"யாரோட மனசுங்க அந்த ஒரு மனசு?" என்றாள் குப்பாயி. மேட்டுக்காட்டில் சாமையும் காப்பியும் போட்டிருப்பவள். அவள் மகன் நாலாவது படிக்கிறான். "அங்க கட்டக் கூடாதுங்க. அது தண்ணி வர்ற தடம்."

சசிரேகா எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "ஓடை எதுவும் தெரியலையே. இந்த மலையில இவ்வளவு சமமான இடம் எங்கம்மா கிடைக்கும்?"

"அது ஏன் சமமா இருக்குதுன்னு நெனைச்சீங்க? வெள்ளம் கொண்டாந்து கொட்டுன மண்ணுங்க அது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால ஐப்பசியில ஒரே நாள் மழை. இதா உக்காந்திருக்கறாரே மாதேஷு, இவரு மாட்டுக் கொட்டாய் அங்கதான் இருந்துச்சு. எங்க போச்சுன்னு அவரையே கேளுங்க."

மாதேஷ் தலையைச் சொறிந்தான். "போச்சுதானுங்க. ரெண்டு கன்னுக்குட்டியோட போச்சு."

சசிரேகாவின் முகம் மாறியது. கையிலிருந்த பேனாவை மூடினாள். "இத ஏன் சார் எனக்கு யாரும் சொல்லல?" என்று ஜாபெஸைக் கேட்டாள். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வேற இடம் சொல்லுங்க. மேல பாறை. பின்னால சரிவு. லாரி வரணும், பள்ளி நிலமா இருக்கணும்." அவள் நில வரைபடத்தை மேஜையில் விரித்தாள். விரல் கோட்டின் மேல் மெல்ல ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. "இது என்ன? ரோட்டை ஒட்டி எட்டு சென்ட், பள்ளிப் பேர்ல இருக்கு. இப்ப இங்க என்ன இருக்கு?"

பல தலைகள் குனிந்தன.

அந்த எட்டு சென்ட்டில் இருப்பது சலீமாவின் கடை. வேலியே இல்லாத காலத்தில் அவள் மாமனார் தகரம் போட்டு ஆரம்பித்தது. பள்ளி நிலம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை. சோறு போடுவது அந்தக் கடை ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே அவள் கணவன் ரஹமத்துல்லா ஆவி பறக்க டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்கு அவன் அனுப்பிய டீ கிளாஸ்கள் இன்னும் பலர் கையில் இருந்தன.

"சர்வே பண்ணவங்க ஏதாச்சும் தப்பா வரைஞ்சிருப்பாங்க மேடம்" என்றான் மாதேஷ்.

"ஓசி டீ பேசுது" என்று குப்பாயி முணுமுணுத்தாள். ஆனால் அவளும் கடையைச் சொல்லவில்லை. சலீமாவை ஒரு நொடி பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜாபெஸ் சலீமாவின் பக்கம் சாய்ந்தார். "உங்களுக்காகத்தாம்மா கீழ் மைதானம்னு எழுதினேன். பேசாம இருங்க. நான் சமாளிக்கறேன்."

சலீமாவுக்குக் காது சூடேறியது. அந்த வெள்ளிக்கிழமை காலையில், 'எதுக்குங்க சார் இந்தக் கையெழுத்து?' என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது உண்மை. கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

தடுப்புக்கு அப்பால் வாய்ப்பாடும் பாட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பின்புறச் சரிவில் விரிசல் விட்ட பழைய கட்டடத்தை இடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஐந்து வகுப்பும் ஒரே ஹாலில். மூன்றாவது படிக்கும் சலீமாவின் மகள் சனாவும் அந்த இரைச்சலுக்குள்தான் இருந்தாள்.

சசிரேகா மணி பார்த்தாள். "மூணே முக்கால். நாலு மணிக்கு நான் கிளம்பணும். இன்னைக்கு இடம் முடிவாகலேன்னா ரெண்டு ரூமும் லிஸ்ட்ல அடுத்த பள்ளிக்குப் போயிரும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"போகட்டுமுங்க!" குப்பாயி எழுந்துவிட்டாள். "தண்ணித் தடத்துல எம்பையன உக்கார வெக்க மாட்டேன்."

"ரூம் இல்லேன்னு பள்ளிக்கூடத்தையே மூடிட்டா? தெனமும் நாகலூர் பள்ளிக்கூடத்துக்கு நீயா தூக்கிட்டுப் போவ?" மாதேஷும் எழுந்தான்.

"உங்கன்னுக்குட்டி போன வழியில எம்பையனும் போகணுமா?"

"உக்காருங்க! உக்காருங்க!" ஜாபெஸ் மேஜையைத் தட்டினார். "கை தூக்குங்க. கீழ் மைதானம் சம்மதமா, இல்லையா?"

ஒரு கையும் எழவில்லை. மூலையிலிருந்த அம்மாசி மெதுவாகச் சொன்னார். "தலைவி சொல்றதுதானுங்க எங்களுக்கும். அவங்க கையெழுத்தப் பாத்துத்தான நாங்க போட்டோம்?"

பதினோரு பேரும் சலீமாவின் பக்கம் திரும்பினார்கள்.

கையிலிருந்த கிளாஸை அவள் கீழே வைத்தாள். "மேடம், அந்த எட்டு சென்ட்ல இருக்கறது எங்க கடைங்க."

ஜாபெஸ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, "ஒரு தடவ யோசிச்சுக்கங்கம்மா. எழுதிட்டா மாத்த முடியாது" என்றார்.

"பழையத அடிச்சுட்டு எழுதுங்க சார். எழுதிட்டுப் படிங்க. படிச்சப்புறம் போடறோம்."

அவர் பழையதை அடித்துவிட்டு, கடை இருக்கும் எட்டு சென்ட்டில் கட்டலாம் என்று எழுதினார். படித்தார். சலீமா கையெழுத்துப் போட்டு நோட்டைக் குப்பாயியிடம் நகர்த்தினாள். குப்பாயி ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்துவிட்டுப் போட்டாள். நோட்டு சுற்றி வர, மணி நாலரை ஆகிவிட்டது. இன்ஜினியர் கிளம்பவில்லை. போனில் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள்.

சலீமா முந்திக்கொண்டு வெளியே வந்தாள். டேப் போவதற்கு முன் அவள் போயாக வேண்டும்.

"மீட்டிங் முடிஞ்சுதா? மேடத்துக்கு இன்னொரு டீ போடட்டா?" என்றான் ரஹமத்துல்லா.

"ஏனுங்க, அடுப்ப அணைங்க."

"ஏன்?"

"ரெண்டு ரூமும் இங்கதான் வருது. நாந்தான் எழுதச் சொன்னேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் வாசலில் கூடி நின்றவர்களைப் பார்த்தான். "எல்லாருமாச் சேந்து கேட்டாங்களா?"

"யாருமே கேக்கல."

அதுதான் அவனுக்கு வலித்தது. முகத்தில் தெரிந்தது. "எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பீங்க. நானும் அதான் சாக்குன்னு விட்டிருப்பேன்."

அவன் அடுப்பை அணைக்கவில்லை.

"யாராவது இந்த முனையப் பிடிங்களேன்" என்றாள் சசிரேகா. மாதேஷ் தரையைப் பார்த்தான். குப்பாயிகூட நகரவில்லை. இத்தனை வருடம் நின்று டீ குடித்த கடைக்குள் டேப்போடு நுழைய யாருக்கும் கால் வரவில்லை.

சலீமாவே முனையை வாங்கிக்கொண்டாள். சர்க்கரை மூட்டையைத் தாண்டி, பிஸ்கட் டின்களை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். பின்சுவருக்குப் போகும் வழியில் ரஹமத்துல்லா நின்றுகொண்டிருந்தான்.

"கொஞ்சம் தள்ளுங்க."

கொதித்த பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவன் பாத்திரத்தை இறக்கி வைத்தான். அடுப்பை அணைத்தான். பிறகு சுவரோரமாக ஓரடி நகர்ந்து வழி விட்டான்.

சலீமா டேப்பின் முனையைப் பின்சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"நாற்பத்திரண்டு அடி!" என்று வெளியிலிருந்து சசிரேகாவின் குரல் வந்தது. "போதும். ரெண்டு ரூமும் தாராளமா வரும்."