ஒன்பதாவது கேள்வி

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு அப்புறம் சாப்பிடு" என்றார் வேணுகோபால். மகளின் நோட்டு அவர் கையில் இருந்தது. பூரணி இட்லியைத் தொடாமல் எழுந்து கல்லூரிக்குப் போய்விட்டாள்.

பூரணி பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. இந்தப் பருவத்தில் உலகப் பொதுச் சுகாதாரம் என்று ஒரு விருப்பப் பாடம். லண்டன் தெருக்குழாயில் காலரா பரவிய கதையை நடத்தி முடித்த விஜயராணி டீச்சர், அவரவர் தெருவில் பத்துக் கேள்வி கேட்டு எழுதி வரச் சொன்னார். முதல் வீடு சொந்த வீடாக இருக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, வெளியாட்களுக்குக் குடிக்க எதில் கொடுக்கிறீர்கள் என்பது. பூரணி எழுதியிருந்தாள்: 'சாக்கடை அள்ள வரும் இருசம்மாளுக்கு, கொல்லைச் சுவரில் கவிழ்த்திருக்கும் நசுங்கிய டம்ளரில். மற்றவர்களுக்கு வீட்டு டம்ளரில்.'

வேணுகோபால் கல்லூரிக்குப் போன் செய்தார். டீச்சர் வீட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் முதல்வரிடம் போவேன் என்றார். விஜயராணிக்கு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற வேலை. சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினார்.

"சொந்த ஊர் எது?"

"உப்பிலியபுரம் சார்."

"அங்க எந்தத் தெரு?"

அவர் சொன்னார். வேணுகோபால் அதற்குமேல் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மனைவி சித்ராதேவியைப் பார்த்தார். அவள் உள்ளே போனாள்.

காபி வந்தது. வேணுகோபாலுக்கு டவரா டம்ளரில். விஜயராணிக்குக் காகிதக் கப்பில்.

"தப்பா நெனைக்காதீங்க. கொரோனாவுக்கு அப்புறம் வெளியாளுங்க யாரு வந்தாலும் இங்க தனிதான். அது சுகாதாரம். அதத்தான நீங்க சம்பளம் வாங்கிட்டுச் சொல்லித் தர்றீங்க? இதுல சாதி எங்கேருந்து வந்துச்சு?"

"பூரணி நோட்டுல சாதின்னு எங்கயும் எழுதலையே சார்."

அவர் முகம் சிவந்தது. வேண்டுமானால் நோட்டிலிருந்து வீட்டுக் கதவு எண்ணை எடுத்துவிடலாம் என்று விஜயராணி இறங்கி வந்தார். அந்த வரியே இருக்கக் கூடாது, இருந்தால் பெண் இனி கல்லூரிக்கு வரமாட்டாள் என்று நோட்டை மேசையில் எறிந்தார் வேணுகோபால்.

அப்போது எதிர்வீட்டு பாலமுரளி செய்தித்தாள் கேட்டு உள்ளே வந்தார். மூன்று நாளாகச் சளி, தொண்டை கரகரப்பு என்று இருமிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். சித்ராதேவி வழக்கம்போல அவருக்கும் காபி கொண்டுவந்தாள். டவரா டம்ளரில். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

அதுவரை அறை வாசலில் நின்றிருந்த பூரணி மேசையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"என்னடி எழுதுற?"

"ஒன்பதாவது கேள்விக்கு இன்னும் ரெண்டு பேர் பாக்கிப்பா."

முந்தைய வரிக்குக் கீழே நிதானமாக எழுதினாள்: 'சனிக்கிழமை, காலை பதினொன்றே கால். வெளியாட்கள் இருவர். சளி இருந்தவருக்கு வீட்டு டம்ளர். சளி இல்லாதவருக்குக் காகிதக் கப்.'