உண்டது போக எஞ்சிய ஓவியம்

வெளுக்க விரித்த துணிகள் மணற்பரப்பில் கொக்கினம் இறங்கினாற்போல் கிடக்க, காற்றாலைகள் வேலையற்ற விருந்தினர்போல் கைவீசிச் சுழல, ஸ்பார்னே ஆற்றின்மேல் மதுவடிசாலைப் புகையும் கடற்பனியும் ஒன்றையொன்று தழுவிக் கிடந்த ஹார்லெம் நகரின் காலைப்பொழுதில், கற்றறிந்தோரே, யோரிஸ் என்னும் ஓவியன் தன் தலைமயிரைப் பற்றியிழுத்தபடி நின்றான்.

அவன் துயர் இதுவே. ஓவியர் அவை தேர்ந்தவனென ஏற்றாலன்றித் தன் பெயரில் ஒரு படமும் விற்கவியலாதவன், அவ்வவைக்கென உணவு பரப்பிய மேசையொன்றை முன்வைத்து, அதனைப் பார்த்துத் தீட்டிக்கொண்டிருந்தான். பழுப்பில் நிழலிட்டு, அது காய்ந்தபின் அடர்வண்ணம் ஏற்றி, அதுவும் காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப்படலம் பூசுதல் முறை. ஈரம் சொட்டும் எம்மூரில் படலம் காய்வதற்குள் மேசைமேலிட்ட பன்றித்தொடை காய்ந்துவிடும்; அவன் மாமியார் ஹெய்ல்தியே அதனைக் காயவிட்டாலன்றோ? உணவைக் கெடவிடுதல் இறைவனுக்கு அடுக்காதென்னும் கொள்கையுடைய அவ்வம்மையார், மருமகன் வண்ணம் அரைக்கத் திரும்பும்போதெல்லாம் வந்து, திங்களை விழுங்கும் அரவம்போல் பாலாடைக்கட்டியைத் தின்று தேய்த்தார்; அவனும் தீட்டிய வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டித் திருத்தினான். அவர் மெல்லும் விசையில் ஊர்க் காற்றாலைகள் அனைத்தும் சுழன்றன என்பர். யான் சுழலக் கண்டது ஒன்றே.

"அத்தை, அது திங்கிறதுக்கு இல்ல. எல்லாம் அழிஞ்சு போகும்னு சொல்ற படம்."

"அதத்தான் மாப்பிள்ளை நானும் சொல்றேன். அழியறதுக்குள்ள தின்னுட்டா வீணாகாதுல்ல? எலுமிச்சை மட்டும் புளிச்சுது, பாதில வெச்சுட்டேன்."

அவை கூடும் நாள் நெருங்கவே, வேறு வழியின்றி, எஞ்சியவற்றையே தீட்டிக் கொடுத்தான். கண்ட பெரியோர் உருகினர். தோல் சுருண்டு தொங்கும் எலுமிச்சை, காண இனித்து உள்ளே புளிக்கும் உலகவாழ்வென்றனர். கவிழ்ந்த கிண்ணம், சிந்திய உயிரென்றனர். தொடையில் பதிந்திருந்த ஹெய்ல்தியேயின் ஒற்றைப்பல் தடமோ, காலன் கடித்ததென்றனர். யோரிஸைத் தேர்ந்தவனென ஏற்றனர். மதுவடிசாலைத் தலைவர் ஒருவர், அதே கடியுடன் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார்.

மகிழ்ந்து மீண்டவன், புதுத்தொடை வைத்து, மாமியாருக்கு இருக்கையும் இட்டான்.

"தின்னுங்க அத்தை, உங்களுக்குத்தான்."

"வேணாம் மாப்பிள்ளை. அது காலன் கடிச்ச கடின்னு அத்தனை பெரியவங்க சொன்னாங்களாமே, ஊரே பேசுது. அந்தப் பேரு எனக்கெதுக்கு?"

தானே கடித்துப் பார்த்தான். பசியில்லாப் பல்லின் தடம் படத்திலும் பொய்யாகவே நின்றது. தடுக்கும்போது உண்டு, வேண்டும்போது கைகழுவுவது உலகியல்பு போலும். நிலையாமையை ஊருக்குணர்த்தப் புகுந்தவன், வேறெவரும் தீண்டாது நிலைத்துவிட்ட ஒரு பன்றித்தொடையின்முன் தூரிகையோடு அமர்ந்து, அது குறையும் நாளை நோக்கியிருந்தான்.