இருட்டறை வைத்தியம்

பட்டறையில் அப்போது இருந்தவர்கள்: ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஃபோர்மேன், கண்களை ஈரத்துணியால் பொத்திக்கொண்டிருந்த வெல்டர், கையில் கிரைண்டரோடு நின்ற அவருடைய மச்சினன். நாளைக்கு மாட்டவேண்டிய இரும்பு கேட் அரைகுறையாகச் சுவரில் சாய்ந்திருந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"ஃபிளாஷ்தான். உள்ள போட்டுப் பூட்டு" என்றார் ஃபோர்மேன்.

அது அந்தப் பட்டறையின் வழக்கம். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் சிவந்தவனுக்கு இரண்டு வலி மாத்திரை கொடுத்து, ஜன்னல் இல்லாத சரக்கு அறையில் படுக்கவைப்பார்கள். தாழ்ப்பாள் உடைந்த கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் வெளியே ஒரு பூட்டு. மறுநாள் கண் தெளிந்துவிடும். மச்சினனே பலமுறை அங்கே கிடந்து குறட்டை விட்டவன்தான்.

ஆனால் வெல்டர் மாமாவின் கண் சிவப்பு மாதக்கணக்கில் போகவில்லை. ஃபிளாஷ் பட்டால் வழக்கமாக மணல் உறுத்துமே, அதுபோல் இல்லையாம், உள்ளே குடைகிறதாம். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண் சிவந்த வாரம் அவர் வெல்டிங் ராடையே தொடவில்லை; அளவெடுக்கும் வேலைதான் பார்த்தார். அதுதான் மச்சினனுக்குப் புரியவில்லை. படாத வெளிச்சம் எப்படிக் கண்ணைச் சுடும்?

அவன் ஃபோன் அடித்தது. அக்கா. நேற்றுப் புருஷனைக் கண் டாக்டரிடம் தரதரவென்று இழுத்துப் போனவள்.

"டேய், ரத்த டெஸ்ட் வந்துடுச்சு. கண்ணுல இருக்கிற வீக்கமும் கிட்னியில இருக்கிற வீக்கமும் ஒரே சீக்காம். இன்னிக்கே பெட்ல சேர்த்தா காப்பாத்திடலாமாம். அந்த வலி மாத்திரைய மட்டும் தொடவே கூடாதாம்டா, கிட்னி மொத்தமாப் போயிடுமாம். உங்க மாமா ஃபோன எடுக்கமாட்டேங்கிறார். கூட்டிட்டு வா."

அவன் அப்படியே ஒப்பித்தான். ஃபோர்மேன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கண்ணு எங்க இருக்கு, கிட்னி எங்க இருக்கு? கால் சுளுக்குன்னு போனா மூக்கை அறுப்பானுங்களா?"

வெல்டரும் சிரித்தார். "உங்க அக்கா ஒரு பயந்தாங்கொள்ளி மாப்ள. நாளைக்குக் கேட்டை மாட்டிடுவோம். அப்புறம் ஆஸ்பத்திரி என்ன, சுடுகாட்டுக்கே வரேன்."

"மாத்திரையாவது வேணாம் மாமா."

"வலி உனக்கா, எனக்கா?"

ஃபோர்மேன் நீட்டிய இரண்டு மாத்திரையையும் மாமா வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தடவித் தேடினார். அது கண்ணெதிரே இருந்தது. மச்சினன்தான் எடுத்துக் கையில் கொடுத்தான்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரக்கு அறைக்குள் போனார். 'வண்டி வெளியில நிக்குது, வாங்க போகலாம்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மச்சினன் கிரைண்டரைக் கீழே வைத்தான். மாமா பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? உள்ள வெளிச்சம் போகுது பார், கதவைச் சாத்து" என்றார் ஃபோர்மேன்.

உள்ளே இருட்டில் மாமாவின் ஃபோன் அடிக்கத் தொடங்கியது. மச்சினன் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.