ஏழு இல்லாத கை

கனகசபாபதி வந்து சேர்ந்த நாள் முதல் லட்சுமிகாந்தத்துக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை. கோளாறு எதிர் மேஜையில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கும்பகோணத்துச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தது.

விருதுநகரில் வியாபாரிகள் கூடிக் கட்டிய கல்லூரி அது. நயா பைசா புழக்கத்துக்கு வந்து மூன்றாம் வருஷம். லட்சுமிகாந்தம் அங்கே தமிழ் விரிவுரையாளர். மண்டிக் குடும்பத்தில் பிறந்து புத்தகத்துக்குத் தப்பி ஓடியவர். கனகசபாபதி கணக்கு விரிவுரையாளர். அவர் கணக்கோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. லட்சுமிகாந்தத்தின் வயலில் அல்லவா கால் வைத்தார்!

அந்த வயலின் அகலம் ஒரு துண்டு. மிளகாய் வத்தல் பேட்டையில் வாங்குகிறவனும் விற்கிறவனும் வாயால் விலை பேசமாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்து, அமுக்கி, வருடி விலை நடக்கும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது இரண்டு முகங்கள்தான். பெண்டாட்டி ஓடிப்போனாலும் சரி, புதையல் கிடைத்தாலும் சரி, அந்த முகங்களில் ஒரு ரோமம் அசையாது. எந்தப் பிடிக்கு எந்த எண் என்று ஆராய்ச்சி செய்தவர் அதுவரை எவருமில்லை. ஐந்து வருஷமாக லட்சுமிகாந்தம் செய்துகொண்டிருந்தார்.

முதலில் மண்டியில் இருந்த அண்ணன் சீனிவாசகத்திடம்தான் போய்க் கேட்டார்.

"கடைப்படி ஏறாதவனுக்குக் கைப்பாஷை எதுக்குலே? போ, போயி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்குடு" என்று அண்ணன் விரட்டிவிட்டார்.

அண்ணனுக்கும் தரகர் பொன்னுத்தங்கத்துக்கும் ஆகாது. அதனால் லட்சுமிகாந்தம் நேரே பொன்னுத்தங்கத்திடம் போனார். அவரோ காப்பி வாங்கிக் கொடுத்து, ஒரே மத்தியானத்தில் விரல்விரலாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார். கேட்ட உடனே ஒரு வியாபாரி சரக்கைத் தூக்கிக் கொடுத்தால் முகர்ந்து பார்க்கவேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆராய்ச்சி செய்கிறவருக்கு மறந்துபோயிற்று.

பொன்னுத்தங்கம் சொன்னதில் ஒரு மாணிக்கம் இருந்தது. ஏழுக்கு விரல் கிடையாதாம்.

"ஏழரைச் சனி குடியிருக்கிற எண்ணு தம்பி. துண்டுக்குள்ள ஏழுன்னு எவனும் பேசமாட்டான். ஆறும்பான், இல்லேன்னா எட்டுக்குத் தாவிருவான்."

லட்சுமிகாந்தத்துக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஏழு கன்னிமார், ஏழு கடல், ஏழு பிறப்பு என்று தேடித் தேடி எடுத்து, ஏழு ஏன் துண்டுக்குள் நுழையவில்லை என்று தனி அத்தியாயமே எழுதினார். படித்தவர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் மெச்சினார்கள்.

கனகசபாபதியும் படித்தார். படித்துவிட்டு, எல்லோரும் இருக்கிற ஆசிரியர் அறையில் கேட்டார்.

"பிரமாதம் சார். ஒரே ஒரு சந்தேகம். பேட்டை வாசல்ல தினமும் கரும்பலகையில விலை எழுதிப் போடுறாங்க இல்லையா? ஒரு மாசமா நின்னு பார்த்தேன். மத்த எண் மாதிரியே ஏழும் வருது. முப்பத்தேழு, நாற்பத்தேழு. ஏழே பேச முடியாதுன்னா அந்த விலை எப்படி முடிஞ்சிருக்கும்?"

"பலகையில எழுதுறது சர்க்கார் கண்ணுக்கு. துண்டுக்குள்ள நடக்கிறது வேற" என்றார் லட்சுமிகாந்தம்.

"இருக்கலாம் சார், இருக்கலாம். நானே ஒருதரம் போய்க் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு ஆசையா இருக்கு."

ஆசையாம். கேள்வி மட்டமான கேள்வியாக இருந்திருந்தால் லட்சுமிகாந்தம் மன்னித்திருப்பார். அது நல்ல கேள்வி. தன் தலையில் உதித்திருக்க வேண்டியது, வழி தவறிக் கும்பகோணத்தான் தலையில் போய் உதித்திருக்கிறது. அன்று முதல் அந்த மனிதர் பேனாவில் மை நிரப்பினால்கூட இவருக்கு எரிந்தது.

எரிகிற நேரம் பார்த்து மதராஸிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய ஆராய்ச்சி மாநாடு. கல்லூரிக்கு ஒருவர் வந்து கட்டுரை படிக்கலாம். துண்டு வியாபாரம் பற்றித்தான் படிக்கவேண்டும் என்று கல்லூரிச் செயலாளர் ரத்தினசாமி சொல்லிவிட்டார். யார் படிப்பது என்பதை, இருவரையும் விசாரித்துவிட்டுத் தானே தீர்மானிப்பதாகவும் சொன்னார். அவர் வத்தல் மொத்த வியாபாரி. கல்லூரியைவிடப் பேட்டையில்தான் அவர் அதிகம் இருப்பார்.

லட்சுமிகாந்தம் அன்று சாயங்காலமே பொன்னுத்தங்கத்தைத் தேடிப் போனார்.

"அண்ணாச்சி, கணக்கு வாத்தியார் ஒருத்தர் வருவார். துண்டு விஷயம் கேப்பார்."

"வந்துட்டுப் போயிட்டாரே. நாளைக்கும் வாரேன்னிருக்காரு. தங்கமான மனுசன்."

"அவருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்திச் சொல்லிக் குடுங்க."

பொன்னுத்தங்கம் வெற்றிலையை அதக்கிக்கொண்டே இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு எதுக்குத் தம்பி கவலை? நான் பாத்துக்கிடுதேன்" என்றார். லட்சுமிகாந்தம் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

விசாரணை செயலாளர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. ரத்தினசாமி கட்டுரை எதையும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"கையை நீட்டுங்க, தமிழய்யா. நான் ஒரு வெல சொல்லுதேன். எம்புட்டுன்னு சொல்லுங்க பாப்போம்."

துண்டுக்குள் அவர் விரல்கள் இரண்டு தடவை பிடித்து, ஒரு தடவை அழுத்தி விட்டன. லட்சுமிகாந்தம் கண்ணை மூடி யோசித்து, "முப்பத்தெட்டு" என்றார்.

ரத்தினசாமி முகத்தில் ஒன்றுமில்லை. "கணக்கய்யா, நீங்க வாங்க."

கனகசபாபதி துண்டுக்குள் கைவிட்டார். "முப்பத்தேழு" என்றார் உடனே. பிறகு பள்ளிக்கூடப் பையன் போல உற்சாகம் தாங்காமல், "கடைசியா மணிக்கட்டுப் பக்கம் நகத்தால தொட்டீங்களே, அது அரைதானே? முப்பத்தேழரை!" என்றார்.

ஐம்பது வருஷமாக அசையாத முகம் அசைந்தது. ரத்தினசாமி துண்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க போயிக் காப்பி சாப்பிடுங்க" என்று கனகசபாபதியை உள்ளே அனுப்பினார். லட்சுமிகாந்தம், பிரம்படிக்கு நிற்கிறவனைப் போலத் தலை குனிந்து நின்றார்.

"தமிழய்யா, மதராஸுக்கு நீங்க போயிட்டு வாங்க."

"நானா?"

"பின்ன? அவர் சொன்னதை அச்சடிச்சா நாளைக்கு மதுரைக்காரன் நம்ம துண்டுக்குள்ள எட்டிப் பாத்துருவான். எங்க பொழைப்பு என்ன ஆகுறது? உங்க கட்டுரையில ஒரு ஆபத்தும் இல்ல. தாராளமாப் படிங்க. ரயில் செலவு என் பொறுப்பு."

லட்சுமிகாந்தம் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. பொன்னுத்தங்கம் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றார்.

"அவருக்கு மாத்திச் சொல்லச் சொன்னேனே, அண்ணாச்சி!"

"தப்பான பாஷை எங்கிட்ட ஒண்ணுதான் இருந்திச்சு. அதை அஞ்சு வருசம் முந்தியே உங்களுக்குக் குடுத்துட்டேன்."

"எனக்கா? நான் என்ன செஞ்சேன்?"

"சீனிவாசகம் தம்பி நீங்க. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. திடீர்னு வந்து விரலைக் காட்டுங்கன்னு நிக்கீக. அண்ணன் அனுப்பி வேவு பாக்க வந்திருக்கீகன்னு நெனைக்காம, ஆராய்ச்சின்னா நெனைப்பேன்? அந்தக் கணக்கு வாத்தியாருக்கு இங்கன கடை இருக்கா, மண்டி இருக்கா? அவருக்குச் சொன்னா எனக்கென்ன நட்டம்?" வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "நீங்க வேண்டாம்னு வேற சொன்னீக. சரி, சீனிவாசகம் வீட்டுக்கு ஆகாத காரியம்னா செஞ்சிற வேண்டியதுதான்னு தோணிச்சு."

ஏழு கன்னிமாரோடு ஏழு கடலும் லட்சுமிகாந்தத்தின் காலடியில் வற்றிப்போயின.

ஆனாலும் பயணம் தன்னுடையதுதான். மேடை, மாலை, மறுநாள் பத்திரிகையில் பேர், எல்லாமே. உள்ளே எரிந்ததை இதைக் கொண்டு அணைத்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குப் பாக்கி ஒன்றே ஒன்று: சேதி கேட்டுக் கனகசபாபதியின் முகம் வாடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். புதன்கிழமை ஆசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"மதராஸுக்கு என்னைத்தான் அனுப்புறாங்க. வெள்ளிக்கிழமை அங்க இருக்கணும்."

"ரொம்ப சந்தோஷம் சார்! செயலாளர் என்னைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பாவம், அவங்க பிழைப்பு. நான் எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"கிழிச்சுட்டீங்களா?"

"தெரிஞ்சுக்கத்தானே ஆசைப்பட்டேன். தெரிஞ்சுபோச்சு." கனகசபாபதி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "அதை விடுங்க. வெள்ளிக்கிழமை நான் எம். புதுப்பட்டிக்குப் போறேன். சரவெடி பின்னுறாங்க பாருங்க, திரியைத் திரியோட சேர்த்து? நடுவுல ஒரு வெடி நமுத்துப் போனாலும் அடுத்தது வெடிக்குது. அது எப்படி? மருந்துல இல்லை சார், பின்னல்ல இருக்கு. முடிச்சுக்கு ஒரு கணக்கு இருக்குன்னு நினைக்கிறேன். ஒவ்வொரு பின்னலுக்கும் அந்தப் பெண்கள் ஒரு பேர் வெச்சிருக்காங்களாம். இதை யாருமே இதுவரை பார்த்ததில்லை சார்!"

அவர் கண் ஜொலித்தது. வாட்டம் தேடி வந்தவருக்கு அந்த முகத்தில் கிடைத்தது அதுதான்.

யாருமே பார்த்ததில்லை. லட்சுமிகாந்தம் அன்று ராத்திரி முழுக்க அந்தச் சொல்லோடு கிடந்தார். தான் மேடையில் நின்று இல்லாத பாஷையைப் படித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், அந்த மனிதர் புதுப்பட்டியில் குந்திக்கொண்டு இருக்கிற பாஷையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவும் பேர்களை! பேர் கேட்பது தமிழ்க்காரன் வேலையல்லவா? கணக்குக்காரனுக்கு அங்கே என்ன வேலை? மதராஸ் கைதட்டலை எத்தனை தடவை மனசுக்குள் வாசித்துப் பார்த்தாலும், நடுவே சரவெடி வெடித்துக் கெடுத்தது.

வியாழக்கிழமை மதராஸ் ரயில் விருதுநகரை விட்டுப் புறப்பட்டபோது அவர் அதில் இல்லை. மாநாட்டுக்கு விஷக்காய்ச்சல் என்று தந்தி போயிற்று. செயலாளருக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, முதல் பஸ்ஸைப் பிடித்துவிடும் எண்ணத்தில் வேட்டியைத் தடுக்கிக்கொண்டு ஓடினார். பஸ்ஸுக்குள் கனகசபாபதி ஏற்கெனவே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"சார்! நீங்களா? மதராஸ்?"

"காய்ச்சல்" என்றார் லட்சுமிகாந்தம்.

"அடடா! வாங்க, வாங்க, இங்க உட்காருங்க. நல்லவேளை வந்தீங்க. பேரெல்லாம் நீங்க கேளுங்க, நான் முடிச்சை எண்ணுறேன்" என்று அவர் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

லட்சுமிகாந்தம் அந்த இடத்தில் உட்காரவில்லை. கடலையை மட்டும் ஒரு கை வாங்கிக்கொண்டு, முன்னால் போய், கதவை ஒட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்தார். புதுப்பட்டி வந்தால் முதலில் இறங்கவேண்டுமே.