வால் வைத்த பெட்டி

டைரி வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. வருஷம் பூராவும் அச்சடித்தாலும் விற்பதற்குக் கிடைப்பது ஒரே மாதம்தான். டிசம்பருக்குள் போய்ச் சேர்ந்தால் அது டைரி. ஜனவரி பத்தாம் தேதி போனால் அது தேதி போட்ட நோட்டு, மளிகைச் சாமான் எழுதத்தான் ஆகும். இதை நினைத்து அந்த டைரிக் கம்பெனியில் எல்லோரும் காலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவார்கள். சந்தோஷப்படுகிற ஒரே ஆள் விசிலக்கா.

பேக்கிங் பிரிவில் ஒன்பது வருஷம் மேஜையருகே நின்று பெட்டி கட்டியவள் அவள். அக்டோபரில் பழைய சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று மட்டுமே சொல்கிற மனிதர் அவர். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொல்லிவிட்டு வந்திருப்பார் என்று பேக்கிங்கில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு அதிசயமாக வாய் திறந்தார்.

"இந்த சீசனை நீங்க நடத்துங்க. தினமும் நானூத்தி எண்பது பெட்டி, மூணு மணி லாரியில ஏறியாகணும். முதல் நாளே சொதப்பினா, பேக்கிங்கை வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

வெளியே கொடுத்தால் அவளோடு சேர்த்து ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். விசிலக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே மகளின் ஓட்டப்பந்தய விசிலையும் நேரம் பார்க்கிற கடிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். வீட்டில் பாத்திரம் கழுவுவதற்குக்கூட நேரம் குறித்தாள். எலக்ட்ரீஷியனான அவள் வீட்டுக்காரர், "நான் குளிக்கிறதுக்கும் விசில் அடிப்பியா?" என்று கேட்டார். "அஞ்சு நிமிஷம் தாண்டினா அடிப்பேன்" என்றாள்.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. நாடகம் போடுகிறவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். பேக்கிங்காரர்கள் மட்டும் ஏன் முதல் நாள் மேடையேறித் திருதிருவென்று விழிக்க வேண்டும்? சீசன் தொடங்கும் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, அதாவது நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை, எல்லோரையும் வரச் சொன்னாள்.

அன்றைக்கு டைரிகள் இன்னும் பைண்டிங்கிலிருந்து வரவில்லை. அதனால் என்ன? வீணாய்ப்போன அச்சுத் தாள்களை டைரி அளவுக்கு வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். எடை மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி பத்து கிராம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்காகவே தாளைக் கூட்டிக் குறைத்து எடையைச் சரியாகக் கொண்டுவந்தாள் விசிலக்கா.

"லேபிள் வெறும் தாளா ஒட்டிக்கலாமா அக்கா?" என்று கேட்டான் டேப். பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவன். எட்டு வருஷமாக ஒட்டி ஒட்டிச் சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

"ஒத்திகைன்னா நிஜம் மாதிரியே இருக்கணும்டா. திங்கட்கிழமை லேபிளையே எடு. மறுபடி அச்சடிச்சுக்கலாம்."

விசில் ஊதினாள். முதல் பெட்டிக்கு நான்கு நிமிஷம் ஆனது. மேஜையில் அடுக்குகிற அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட்டார்கள். டேப்பின் டேப் அவன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. மேஜைகளை இடம் மாற்றினாள். லேபிள்காரப் பெண்ணை ஜன்னல் பக்கத்திலிருந்து மாமாவின் வலது கைப்பக்கம் நகர்த்தினாள். முப்பதாவது பெட்டியில் இரண்டு நிமிஷம். அறுபதாவது பெட்டி முக்கால் நிமிஷத்தில் மாமாவின் மேஜையைத் தாண்டியபோது ஆறு பேரும் கை தட்டிக் கூச்சல் போட்டார்கள். மாமா எழுந்து நின்று தன் தராசுக்கே ஒரு கும்பிடு போட்டார்.

பெட்டிகளைப் பின்வாசல் ஓரமாக அடுக்கினார்கள். திங்கட்கிழமை பிரித்து அட்டையை மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எல்லோருமாக டீ குடிக்கப் போனார்கள். இந்த இடத்தில் விசிலக்கா பெருமையில் இரண்டு காரியம் செய்தாள். பிரிக்காமல் விட்டது ஒன்று. வீட்டில் காட்ட வேண்டும் என்று ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது இன்னொன்று.

வீட்டில் அந்தப் பெட்டியைப் பிரிக்க முடியவில்லை. தெருவில் எல்லோர் வீட்டு ஃப்யூஸையும் பிடுங்கிப் போடுகிற மனிதர், டேப்பின் முனை எங்கே என்று நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். கடைசியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், விரலைக் குத்திக்கொண்டார்.

"கட்டுறதுக்குத்தான் ஒத்திகை பார்த்தியா? பிரிக்கிறவன் கதி?" என்றார், விரலை வாயில் வைத்தபடி.

நியாயமான கேள்வி. திங்கட்கிழமை காலை முதல் உத்தரவாக, டேப்பின் முனையை ஒரு விரல்கடை மடித்து வால் மாதிரி விட வேண்டும் என்றாள். பிடித்து இழுத்தால் பெட்டி திறந்துகொள்ளும்.

"அக்கா, பெட்டிக்கு ரெண்டு செகண்டு போகும். வால் இல்லாம இத்தனை வருஷம் பெட்டி போகலையா?" என்று முணுமுணுத்தான் டேப்.

"உன்கிட்ட ரெண்டு செகண்டு இல்லையா? டீக்கடையில எத்தனை செகண்டு நிக்கிறே, நான் எண்ணட்டுமா?"

அவன் வால் வைத்தான். ஒவ்வொரு வால் வைக்கும்போதும் "மியாவ்" என்று ஒரு சத்தம் கொடுத்தான். பத்தாவது பெட்டியிலிருந்து எல்லோருமே சேர்ந்து மியாவ் சொன்னார்கள்.

அந்தக் காலை வேளையைப் பற்றி எத்தனை சொன்னாலும் தகும். புது டைரிகள் பசை வாசனையோடு வந்து இறங்கின. கூடம் முழுக்கப் புதுத் தாள் மணம். விசில், அட்டை விரியும் சத்தம், டேப் கிழியும் சத்தம், மாமாவின் "சரி... சரி... சரி." ஆறு பேரும் பம்பரமாகச் சுழன்றார்கள். தங்கைக்காரி பாடினாள், அக்காக்காரி அதற்குத் தப்புத் தாளம் போட்டாள். லாரி டிரைவர் பின்வாசலில் வண்டியை ஒட்டி நிறுத்தி, கைக்கு எட்டியதையெல்லாம் எண்ணி எண்ணி ஏற்றினார். மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே, "நானூத்தி எண்பது ஆச்சு!" என்று கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார். விசிலக்கா மூச்சு உள்ள மட்டும் விசில் ஊதினாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதல் நாள் ஜெயித்தாகிவிட்டது.

"அக்கா," என்றான் டேப். "நாம நானூத்தி எண்பதுதானே கட்டினோம்?"

"ஆமா."

"அப்போ இது என்ன?"

எடை மேஜைக்குப் பின்னால் பெட்டிகள் மிச்சம் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை, ஒரு சுவரே நின்றது. ஒவ்வொன்றிலும் சமர்த்தாக ஒரு வால். தங்கைக்காரி முதலில் சிரித்தாள். "அதிகமா கட்டிட்டோம் போல!" என்றாள். மற்றவர்களும் சிரிக்கப் போனார்கள். விசிலக்கா மட்டும் மெதுவாகத் திரும்பிப் பின்வாசல் ஓரத்தைப் பார்த்தாள். அது துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

அங்கே அடுக்கியிருந்த சனிக்கிழமைப் பெட்டிகள் லாரியேறிவிட்டன. சரியான எடை, சரியான லேபிள், அழகான கட்டு. டிரைவர் மேல் என்ன தப்பு? நிஜம் மாதிரியே இருக்கணும் என்று சொன்னவளே அவள்தானே! நாளைக்கு அறுபது கடைக்காரர்கள் ஆசையாகப் பெட்டியைத் திறந்து, உள்ளே குப்பைத் தாளைப் பார்ப்பார்கள்.

டிரைவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார், நல்ல மனுஷன். லாரி சரக்குக் கிடங்குக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். நாலரைக்கு அங்கே பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துப் பத்துப் பன்னிரண்டு வண்டிகளில் நாலா திசைக்கும் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் பிடிக்க முடியாது.

"முதலாளிக்குத் தெரியாம நான் பைக்ல போய்ப் பார்க்கட்டுமா?" என்றான் டேப்.

"பைக்ல அறுபது பெட்டியை எங்கேடா வைப்பே, தலையிலயா?" என்றார் மாமா.

விசிலக்கா நேரே முதலாளி அறைக்குப் போனாள்.  பூசி மெழுக அவளுக்குத் தெரியாது, நேரமும் இல்லை. விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"சார், ஒத்திகைப் பெட்டி லாரியில ஏறிடுச்சு. என் தப்பு. அன்னிக்கே பிரிக்கச் சொல்லியிருக்கணும், சொல்லலை. நாலரைக்குள்ள கிடங்குக்குப் போனா மாத்திடலாம். வேன் வேணும்."

 மேஜைமேல் புது வருஷத்து டைரி ஒன்று, மாதிரிக்காக வைத்தது, கிடந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "பார்க்கலாம்" என்றார். வேன் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

முதலாளியே ஓட்டினார். வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத அந்த மனிதர் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தில், பின்னால் மிச்சப் பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டார்கள். வளைவுகளில் மாமா, "எடை ஒரு பக்கமா சாயுது, எடை சாயுது!" என்று கத்தினார். முன் சீட்டில் விசிலக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு இருபத்தைந்துக்குக் கிடங்கில் நுழைந்தார்கள். லாரிக் கதவு திறந்திருந்தது. கிடங்கு ஆள் ஒருவர் முதல் பெட்டியை இறக்கக் கை வைத்தார். கூப்பிட்டால் கேட்காத தூரம். விசிலக்கா வேனிலிருந்து குதித்து ஊதினாள் பாருங்கள் ஒரு விசில்! கிடங்கு முழுக்க அப்படியே நின்றது. பக்கத்து வண்டிக்காரர்கூட பிரேக் போட்டுவிட்டார்.

"பத்து நிமிஷம் குடுங்க அண்ணே, பத்தே நிமிஷம்!"

"எதுல தாள், எதுல டைரி? எல்லாம் ஒரே மாதிரி இருக்கேம்மா," என்றார் லாரி டிரைவர், திகைத்துப்போய். "எல்லாத்தையும் பிரிச்சா விடிஞ்சுடும்."

அப்போதுதான் டேப் சிரித்தான். "அண்ணே, வால் இல்லாததைப் பிடிச்சு இழுத்தா போதும்!"

சனிக்கிழமைப் பெட்டிகளுக்கு வால் கிடையாது. ஆறு பேரும் லாரிக்குள் ஏறினார்கள். இருட்டாக இருந்தால் என்ன, கை போதுமே. பெட்டியின் முகத்தில் விரலை ஓட்டினார்கள். "வால் இருக்கு, வால் இருக்கு, வால் இல்லை, பிடி!" வாலில்லாதது வெளியே போனது, வேனிலிருந்து வால் வைத்தது உள்ளே வந்தது. முதலாளி கீழே நின்று கைமாற்றினார், சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. யாரோ "மியாவ்" என்றார்கள். பார்த்தால் மாமா.

கடைசி வரிசையும் முடிந்தது. வெளியே வந்த பெட்டிகளை விசிலக்கா எண்ணினாள். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். ஐம்பத்தொன்பதுதான்.

"ஒண்ணு குறையுது! உள்ளே இன்னொண்ணு இருக்கு, தேடுங்க!"

வரிசை வரிசையாக மறுபடி தடவினார்கள். வால், வால், வால். கிடங்கு ஆள் தன் கடிகாரத்தைக் காட்டினார்.  இந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா உன் கம்பெனிப் பெட்டியில செருப்பெல்லாம் அடுக்கி வெச்சிருக்காரு. அது வேணுமா, வேண்டாமா?"

விசிலக்கா லாரிக்குள்ளேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அறுபதாவது பெட்டி! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, "கிடைச்சுடுச்சு, செருப்போட கிடைச்சுடுச்சு!" என்றாள். விஷயம் புரிந்ததும் லாரியே குலுங்கியது.

நானூற்றெண்பதும் நல்ல பெட்டிகளாக ஊர் ஊராகப் போகிற வண்டிகளில் ஏறத் தொடங்கின. முதலாளி ஓரமாக நின்று ஒத்திகைப் பெட்டி ஒன்றைப் பிரிக்கப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார், முடியவில்லை. எதிரே போன வால் பெட்டிகளைப் பார்த்தார். அந்தப் புது டைரியைத் திறந்து விசிலக்காவிடம் பேனாவோடு நீட்டினார்.

அவள் வாங்கத் தயங்கினாள். டிசம்பர் இன்னும் முழுசாகப் பாக்கி இருக்கிறது. ஆனால் பக்கம் திறந்திருந்தது வரப்போகும் வருஷத்தின் நவம்பரில், கடைசிச் சனிக்கிழமையில்.

"அடுத்த ஒத்திகை," என்றார் அவர். "எழுதிக்குங்க."

ஐந்து பேரும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். விசிலக்காவுக்கு எழுத்து கோணல்மாணலாக வந்தது. 'ஒத்திகை. ஆறு பேர்' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, கீழே 'லேபிள் கிடையாது' என்று சேர்த்து, இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.